சிறையில் இன்சுலினும் கட்டும் ஒழுங்காக இல்லை, கால்விரல் போய்விட்டது: வழக்கை எங்கிருந்து தொடங்குவது?

சாட்ஸ்வொர்த்_செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். தண்டனைக் கைதி, வயது 51. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் ஒரு சிறை. எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். சர்க்கரை வியாதி 12 வருஷமாக உண்டு. உள்ளே போகும்போதே 30/70 கலவை இன்சுலின், காலையும் மாலையும். மருந்துச் சீட்டோடுதான் போனார்.

ஆகஸ்டில் வலது பெருவிரலுக்கு அடியில் பூட்ஸ் உரசிக் கொப்புளம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றச் சொல்லி உள்ளே வரும் டாக்டரே எழுதினார். வாரத்துக்கு ஒருமுறை மாற்றினாலே பெரிது என்கிறார் அத்தான். அக்டோபரில் வெளி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தேதி கிடைத்தது. இரண்டுக்கும் கூட்டிப்போக வார்டர் இல்லை, வண்டி இல்லை. நவம்பர் 14 அன்று காய்ச்சலோடு கொண்டுபோனார்கள், அன்று ராத்திரியே விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது மார்ச் முதல் வாரம். பக்கத்து விரலும் நிறம் மாறுகிறது என்று போனில் சொன்னார்.

வழக்குப் போட முடியுமா? வெளியே வந்த பிறகு போட்டால் போதும் என்று ஒருத்தர் சொல்கிறார், முதலில் புகார் கொடுத்து முடிவு வரட்டும் என்கிறார் இன்னொருத்தர். என்னென்ன காகிதம் வேண்டும்? அவர் உள்ளே இருக்க, நாங்கள் வெளியே இருந்து என்ன செய்யலாம்?

---

கட்டுக்காகிதம் எழுதியது:

செல்வி, அந்த இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். இரண்டுமே கெடு தவறுவதற்கு நல்ல வழி.

இங்கே இருப்பது இரண்டு வழக்கு. இருக்கிற விரலைக் காப்பாற்றும் அவசர மனு ஒன்று, போன விரலுக்கு நஷ்டஈடு கேட்பது இன்னொன்று. முதலாவது நாள் கணக்கில் நடக்கும், இரண்டாவது வருஷக் கணக்கில் நடக்கும். ஒரே மனுவில் இரண்டையும் போட்டுக் குழப்பினால் அவசரமானதும் ஆறிப்போகும்.

நஷ்டஈட்டின் கெடுவை முதலில் சொல்கிறேன், அதுதான் ஆளை விழுத்தும். அரசுத் துறை மீது பணம் கேட்டு வழக்குப் போடுவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2002-ஆம் வருஷத்து 40-ஆம் எண் சட்டம், மூன்றாம் பிரிவு. கடன் (இங்கே நஷ்டஈட்டுக் கோரிக்கை) 'செலுத்தத்தக்கதான' நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அந்த நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். விரலை எடுத்த நாளிலிருந்து எண்ணினால் மே 14. ஆனால் எதிர்த்தரப்பு அப்படி எண்ணாது. கட்டு மாற்றாமல் விட்டது ஆகஸ்டிலேயே தெரியும், அங்கிருந்து எண்ணு என்று வாதாடும். அப்படி எண்ணினால் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. அதனால் மே வரை நேரம் இருக்கிறது என்று உட்காராமல் இந்த வாரமே அனுப்புங்கள். தாமதம் என்று அவர்கள் கிளப்பினால் கோர்ட்டில் மன்னிப்பு கேட்க வழி உண்டு. மூன்று விஷயம் காட்ட வேண்டும்: கோரிக்கை காலாவதி ஆகவில்லை, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருக்கிறது, இதனால் துறைக்குப் பெரிய பாதகம் இல்லை. நோட்டீஸ் சீக்கிரம் போயிருந்தால் இந்த மூன்றாவதைக் காட்டுவது சுலபம்.

நோட்டீஸ் ஒன்றும் பெரிய ஆவணம் இல்லை. இரண்டு பக்கம் போதும். முழுப் பெயர், பிறந்த தேதி, கைதிப் பதிவு எண், நடந்ததைத் தேதிவாரியாக, எது செய்யப்படவில்லை, அதனால் என்ன ஆனது, கேட்கும் தொகை. சிறைகளை நடத்தும் சீர்திருத்தத் துறையின் தேசிய ஆணையருக்குப் போக வேண்டும். சிறைத் தலைவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு 'கொடுத்தாச்சு' என்று இருப்பவர்கள் நிறைய. அது செல்லாது என்று சண்டை வரும். ஈமெயிலில் அனுப்பினால் அதோடு முடியவில்லை. 7 நாளுக்குள் சான்றளித்த பிரதியை நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும், எப்போது எப்படி அனுப்பினோம் என்ற அஃபிடவிட்டோடு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரிப் பக்கமும் தப்பு இருக்கலாம் என்று தோன்றினால் அது மாகாண சுகாதாரத் துறை. அதற்குத் தனி நோட்டீஸ். முதல் நோட்டீஸில் அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் போதாது.

நோட்டீஸ் சேர்ந்து 30 நாள் போகாமல் சம்மன் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் எல்லைக்கோடு 3 வருஷம், 1969-ஆம் வருஷக் காலாவதிச் சட்டப்படி. வெளியே வந்து பார்ப்போம் என்று சொன்னாரே ஒருத்தர், அவருக்காக: சிறையில் இருப்பது கடிகாரத்தை நிறுத்தாது. சிறு வயதுக்காரர், மனநிலை சரியில்லாதவர் என்று அந்தச் சட்டம் சிலருக்குத் தரும் விலக்கில் கைதி இல்லை. சிகிச்சைத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்று தெரிய வாய்ப்பே இல்லாதபோது காலம் ஓடத் தொடங்காது என்று 2016-ல் லிங்க்ஸ் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பித் தாமதிக்காதீர்கள். மாட்டிக்கொண்டவனுக்கு அது கயிறு, நடக்கிறவனுக்குப் பாதை இல்லை.

---

ஊசிவேளை எழுதியது:

சட்டத்தை மேலே சொன்னவர் பார்த்துக்கொள்வார். நான் காலையும் சர்க்கரையையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த விவரத்தில்தான்.

முதலில், பக்கத்து விரல் நிறம் மாறுகிறது என்றால் அது புகார்ப் பெட்டிக்குப் போகிற சமாசாரம் இல்லை. அடுத்த வருகையில் அவரிடம் கேளுங்கள்: விரல் சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? வாடை உண்டா? சிவப்பு பாதத்தில் ஏறுகிறதா? காய்ச்சல், குளிர்? சில்லென்று கறுத்தால் ரத்த ஓட்டம் போகிறது. சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் கிருமி பரவுகிறது. இரண்டுமே அன்றே அறுவைப் பிரிவு பார்க்க வேண்டியவை. 'வலி இல்லை, அதனால் பரவாயில்லை' என்று அவர் சொன்னால் ஏமாறாதீர்கள். நரம்பு மரத்த காலில் வலி இல்லாததுதான் ஆபத்து.

அடுத்தது இன்சுலின். 30/70 கலவையை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். அதில் இருக்கும் மெதுவான பாகம் போட்ட 4 மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும், 10 மணி நேரம் வரைகூட இழுக்கும். சிறையில் மாலைச் சாப்பாடு எப்போது என்று கேளுங்கள். பகல் 3 மணிக்கே கொடுத்துச் செல்லைப் பூட்டிவிடுகிறார்கள் என்றால் கணக்கு இப்படி வரும்: இரண்டரைக்கு ஊசி, மூன்றுக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஆறரையிலிருந்து ராத்திரி பன்னிரண்டரை வரை இன்சுலின் முழு வீச்சில், வயிற்றில் ஒன்றும் இல்லை. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் (லிட்டருக்கு) கீழே இறங்கி வேர்த்துக் கொட்டும், பூட்டிய செல்லில் கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டார்கள். இரண்டு தடவை அப்படி ஆனதும் கைதியே மாலை ஊசி வேண்டாம் என்பார், அல்லது நர்ஸ் அளவைக் குறைத்துவிடுவார். அப்புறம் சர்க்கரை எப்போதும் உச்சத்திலேயே நிற்கும், புண் ஆறாது. ஃபைலிலோ 'நோயாளி மறுத்தார்' என்று இருக்கும். மறுத்ததற்குக் காரணம் சாப்பாட்டு நேரம் என்பது எங்கும் இருக்காது.

இதற்குச் சட்டத்திலேயே பிடி இருக்கிறது. 1998-ஆம் வருஷத்து 111-ஆம் எண் சீர்திருத்தச் சேவைகள் சட்டம், எட்டாம் பிரிவு: மாலைச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று மணிக்குக் கொடுத்தால் விடிகாலை ஐந்துக்குள் அடுத்தது வந்தாக வேண்டும். உடல்நிலை காரணமாகத் தனி உணவு தேவைப்படுகிறவர்களுக்கு அதைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில். ஆக, டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய சீட்டு ஒன்று இருக்கிறது: ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட ரொட்டியோ பாலோ செல்லுக்குள் வைத்துக்கொள்ள அனுமதி. இன்னொரு சீட்டு, உரசாத மூடிய செருப்புக்கு. இந்த இரண்டும் கிடைத்தால் மிச்சக் காலைக் காப்பாற்றுவதில் பாதி வேலை முடிந்தது.

அத்தான் ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதட்டும். தேதி, ஊசி போட்ட மணி, எத்தனை யூனிட், சர்க்கரை அளவு, சாப்பாடு வந்த மணி, கட்டு மாற்றினார்களா, காலில் என்ன தெரிகிறது. நர்ஸ் பெயர் தெரியாவிட்டால் ஷிஃப்ட் நேரம் போதும். 'இன்று மருந்து வரவில்லை' என்று எழுதும்போது காரணம் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுத வேண்டும்: ஸ்டாக் இல்லை, பூட்டியிருக்கிறது, நர்ஸ் ஒருத்தர்தான். வாரா வாரம் அந்தப் பக்கத்தின் நகல் வெளியே வரட்டும். செல் சோதனையில் நோட்டு போய்விட்டால் எல்லாம் போச்சு.

---

உம்கேனிக்கரை எழுதியது:

புகார் வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புகார் வேண்டும். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சீர்திருத்தச் சேவைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் கைதிக்குத் தினமும் புகார் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வாயால் சொல்லிவிட்டு வராமல், பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துத் தேதியையும் வரிசை எண்ணையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வழக்கில் 'எங்களுக்குத் தெரியாது' என்று துறை சொல்ல முடியாமல் செய்வதுதான் அந்தப் பதிவின் பயன். திருப்தி இல்லையென்றால் மேலே அனுப்பச் சொல்லலாம், அதற்கும் மேலே சுயேச்சைப் பார்வையாளர் இருக்கிறார். நீதிபதி தலைமையில் இயங்கும் ஆய்வு அமைப்பான ஜிக்ஸின் ஆள். குடும்பம் நேரடியாகவே ஜிக்ஸுக்கு எழுதலாம். ஆளை அனுப்பிக் கேட்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். துறை கட்டாயம் கீழ்ப்படிய வேண்டிய உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

காகிதம் பற்றிக் கேட்டீர்கள். சிறை ஃபைல் ஒன்றையே நம்பாதீர்கள். சிறைக்கு வெளியே, சிறைக்காரர் கை படாத இடத்தில் இருக்கும் பதிவுகளை முதலில் எடுங்கள்.

ஒன்று, வெளி ஆஸ்பத்திரி ஃபைல். நவம்பர் 14 சேர்க்கைக் குறிப்பில் டாக்டர் 'புண் எத்தனை வாரமாக' என்று எழுதியிருப்பார். வந்தபோது சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்ததா, அறுவைக் குறிப்பு, சம்மதப் படிவத்தில் யார் கையெழுத்து. அக்டோபரின் இரண்டு தேதிகளும் வெளிநோயாளர் பிரிவின் பதிவில் 'வரவில்லை' என்று இருக்கும். இந்த ஒரு வரி பத்து சாட்சிக்குச் சமம்.

இரண்டு, தேசிய ஆய்வகச் சேவையின் ரத்தப் பரிசோதனை முடிவுகள். ஹெச்பிஏ1சி என்கிற சோதனை முந்தைய 8 முதல் 12 வாரச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். நவம்பரில் எடுத்திருந்தால் ஆகஸ்டு கடைசி முதல் உள்ளே எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். உள்ளே போகும் முன் எடுத்த பழைய முடிவு அக்காவிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் விளக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் சிறை மருத்துவ ஃபைல். அதில் மருந்துக் கட்டச் சார்ட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம், கொடுத்தவர் இனிஷியல். வெறும் கட்டங்களை எண்ணுங்கள். ஒரே பேனா மையில், ஒரே சாய்வில், ஒரு மாத இனிஷியலும் ஒரே மூச்சில் போட்ட மாதிரி இருந்தால் அதையும் குறியுங்கள். கட்டுப் போட்ட குறிப்பு, வெளியே அழைத்துப்போகும் பதிவேடு, சாப்பாட்டு நேர அட்டவணை ஆகியவையும் வேண்டும்.

கேட்கும் வழி 2000-ஆம் வருஷத்துத் தகவல் அணுகல் சட்டம், படிவம் 2. அத்தான் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும். தன்னைப் பற்றிய பதிவைத் தானே கேட்பவருக்கு மனுக் கட்டணம் இல்லை, நகலெடுக்கும் செலவு வரலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. அப்போது 60 நாளுக்குள் துறைக்குள்ளேயே மேல்முறையீடு. 'மருத்துவ ஃபைல்' என்று மொத்தமாக எழுதினால் பத்துத் தாள் வந்து சேரும். மேலே சொன்ன ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_செல்வி எழுதியது:

ரொம்ப நன்றி. சாப்பாடு மூன்றரைக்கு என்றார், காலையில் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. மாலை ஊசியை அவரே நிறைய நாள் வேண்டாம் என்றிருக்கிறார், ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இதனால் வழக்கு கெட்டுப்போகுமா? வெளி டாக்டர் ஒருவரை உள்ளே கூட்டிப்போக முடியுமா? அவசர மனு என்று சொன்னது எப்படி?

---

கட்டுக்காகிதம் எழுதியது:

மூன்றரையிலிருந்து ஏழு என்றால் பதினைந்தரை மணி நேரம். சட்டம் சொல்லும் 14-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கையெழுத்தால் வழக்கு கெடாது, ஆனால் அதை மறைத்தால் கெடும். அஃபிடவிட்டில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: மறுத்தது உண்மை, காரணம் இது, ராத்திரி இப்படி ஆனது. மருத்துவத்துக்கு மறுப்பும் சம்மதம் மாதிரித்தான், விளக்கிச் சொன்ன பிறகு வந்தால்தான் மதிப்பு. யாராவது விளக்கினார்களா, வேறு நேரமோ வேறு மருந்தோ தரலாம் என்றார்களா என்று கேளுங்கள். மோசமாகப் போனாலும் 1956-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுப் பங்கீட்டுச் சட்டப்படி தொகையில் ஒரு பங்கு குறையும். கோரிக்கை மொத்தமாக விழாது.

வெளி டாக்டர் வரலாம். சீர்திருத்தச் சேவைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: கைதி தான் விரும்பும் மருத்துவரை வரவழைத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம், செலவு தன்னுடையது. பரிசோதனைக்கு உரிமை, சிகிச்சைக்கு மட்டும் சிறைத் தலைவரின் அனுமதி. இந்த வித்தியாசத்தை வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கடிதத்திலேயே எழுதுங்கள். டாக்டரின் பெயர், பதிவு எண், தேதி, மணி, கொண்டுவரும் சாமான் பட்டியல். கேமரா இல்லாமல் போனால் படம் கிடைக்காது, போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். படம் எடுக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

அவசர மனுவுக்கு வருவோம். அரசியல் சட்டம் 35-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: தண்டனைக் கைதி உட்பட அடைத்து வைக்கப்பட்ட எவருக்கும் அரசுச் செலவில் போதிய மருத்துவ சிகிச்சை. சீர்திருத்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் 'கையிருப்பு வளத்துக்குள்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துத் தொங்குவார். அரசியல் சட்ட வரியில் அந்த வார்த்தை கிடையாது. 1997-ல் கேப் உயர் நீதிமன்றம் வான் பில்ஜோன் வழக்கில் இதே வாதத்தைப் பார்த்தது. ஹெச்ஐவி மருந்து டாக்டர் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்த கைதிகளுக்கு அதைத் தரச் சொல்லி உத்தரவிட்டது. உங்கள் விஷயமும் அந்த வகை. புதிதாக ஒரு சிகிச்சை கேட்கவில்லை, அவர்கள் டாக்டரே எழுதியதைச் செய் என்கிறீர்கள். மனுவின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும்.

நம் டர்பனிலேயே முன்மாதிரி உண்டு. 2006-ல் வெஸ்ட்வில் சிறையின் 15 கைதிகளும் சிகிச்சை நடவடிக்கைப் பிரச்சார அமைப்பும் சேர்ந்து ஏஆர்வி என்ற ஹெச்ஐவி மருந்துக்காகப் போட்ட வழக்கு. அடையாள அட்டை இல்லை, மருந்து தரும் மையம் வெளியே இருக்கிறது என்று தடைமேல் தடை. நீதிபதி பிள்ளை ஜூன் மாதம் தடைகளை நீக்கு, எப்படிச் செய்யப்போகிறாய் என்று திட்டத்தை அஃபிடவிட்டாகக் கொண்டுவா என்று உத்தரவிட்டார். அரசு மேல்முறையீட்டுக்கு ஓடியது. அந்த இழுபறியில் ஆகஸ்டில் மனுதாரர்களில் ஒருவர் இறந்தார். உத்தரவு வாங்குவதோடு நிற்காமல், நிறைவேற்றியதாக அறிக்கை கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வேலை இப்படி நடக்கும். முதலில் சிறைத் தலைவருக்கும் ஆணையருக்கும் 48 மணி நேரக் கெடுவோடு கோரிக்கைக் கடிதம். பல நேரம் அட்டர்னி (வக்கீல்) தலைப்புத் தாளில் போகும் இந்தக் கடிதத்துக்கே வண்டியும் வார்டரும் கிடைத்துவிடும். இல்லையென்றால் உயர் நீதிமன்ற விதி 6(12)-ன் கீழ் மனு. ஏன் அவசரம், சாதாரண வரிசையில் போனால் ஏன் நிவாரணம் பயனற்றுப்போகும் என்ற இரண்டையும் தெளிவாக எழுதாவிட்டால் அவசரம் இல்லை என்று பட்டியலிலிருந்தே தள்ளிவிடுவார்கள். கேட்க வேண்டியது மூன்று: இத்தனை மணிக்குள் ரத்தநாள அறுவைப் பிரிவில் காட்ட வேண்டும், எழுதிய மருந்தும் கட்டும் ராத்திரி உணவும் எழுதியபடி, 7 நாளில் செய்ததற்கு அஃபிடவிட். அத்தானால் கையெழுத்திட முடியாத நிலை என்றால் அரசியல் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி அவர் சார்பில் அக்காவே மனுதாரர் ஆகலாம்.

---

மூன்றாம்_பெஞ்ச் எழுதியது:

நஷ்டஈட்டு வழக்கில் எங்கே இடறும் என்று ஒரு வார்த்தை. அலட்சியம் இருந்தது என்று காட்டுவது கஷ்டமில்லை. அந்த அலட்சியத்தால்தான் விரல் போனது என்று காட்டுவதுதான் மலை. '12 வருஷச் சர்க்கரை, எப்படியும் போயிருக்கும்' என்பார்கள்.

இதில் பார்க்க வேண்டியது டட்லி லீ வழக்கு. போல்ஸ்மூர் சிறையில் 1999 முதல் 2004 வரை விசாரணைக் கைதி, கடைசியில் விடுதலையானவர். உள்ளே காசநோய் தொற்றியது. யாரிடமிருந்து தொற்றியது, எந்த நாள் தொற்றியது என்று காட்ட யாராலும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2012 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், துறை அலட்சியமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டும், 'ஒழுங்கான ஏற்பாடு இருந்திருந்தால் தொற்றியிருக்காது என்று நிரூபிக்கவில்லை' என்று தள்ளியது. அதே வருஷம் டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மாற்றியது. 'அது இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா' என்ற சோதனையை இரும்புச் சட்டமாகப் பிடிக்க வேண்டியதில்லை, எது அதிகம் சாத்தியம் என்று பார்த்தால் போதும் என்றது. நான்கு பேர் ஒப்பவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். லீ பெயரைச் சொன்னதும் கதவு திறந்துவிடாது.

ஆக நிபுணர் அறிக்கை இல்லாமல் நகராது. ரத்தநாள அறுவை நிபுணரிடம் 'தப்பு நடந்ததா' என்று மட்டும் கேட்டால் அவரும் 'நடந்தது' என்று இரண்டு பக்கம் எழுதித் தருவார், பிரயோஜனமில்லை. கேள்வியைத் தேதியோடு கேளுங்கள்: ஆகஸ்டில் ஒழுங்காகக் கட்டும், உரசாத செருப்பும் கிடைத்திருந்தால்? அக்டோபரின் முதல் தேதிக்குப் போயிருந்தால்? இரண்டாவது தேதிக்காவது போயிருந்தால்? எந்தக் கட்டம் வரை விரலைக் காப்பாற்றியிருக்க முடியும்? கணுக்கால் நாடி அப்போது இருந்ததா என்பது ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும். நாடி நன்றாக இருந்து கிருமியால் போன விரல் என்றால் உங்கள் பக்கம் பலம், ரத்தக்குழாயே அடைத்திருந்தால் பலவீனம்.

எந்தக் கோர்ட் என்பது தொகையைப் பொறுத்தது. மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட் 2 லட்சம் ராண்ட் வரை, பிராந்தியக் கோர்ட் 4 லட்சம் வரை, அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஒரு விரலுக்கு உயர் நீதிமன்றம் போய்ச் செலவை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கால் போனால் கணக்கு வேறு. பிரதிவாதி சீர்திருத்தத் துறை அமைச்சர், சம்மன் நகல் துறைத் தலைமையகத்துக்கும் அரசு வக்கீல்களான ஸ்டேட் அட்டர்னி அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

செலவு: ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தம் 1997-ஆம் வருஷச் சட்டப்படி செல்லும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி உயர்த்திய மொத்தக் கட்டணம் வழக்கமானதன் இரு மடங்கையும், கிடைத்த தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. நிபுணர் செலவு யார் தலையில் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள், ஒப்பந்தம் முறிவது பெரும்பாலும் அங்கேதான். கையில் ஒன்றும் இல்லையென்றால் லீகல் எய்ட், அல்லது பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம். அவசர மனுவுக்கு இவர்கள் சீக்கிரம் வருவார்கள், நஷ்டஈட்டுக்குத் தயங்குவார்கள்.

---

உம்கேனிக்கரை எழுதியது:

மருத்துவ பரோல் கேட்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே. சீர்திருத்தச் சேவைகள் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, தீராத, உயிர்போக்கும் நோய் உள்ளவர் அல்லது தன் வேலையைத் தானே செய்ய முடியாத அளவுக்கு உடல் முடங்கியவர். அதோடு மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து குறைவாகவும், வெளியே பார்த்துக்கொள்ள ஏற்பாடும் இருக்க வேண்டும். ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற டர்பன் தொழிலதிபர் ஷாபீர் ஷேக் 2009-ல் வெளியே வந்தபோது இருந்தது பழைய வாசகம், தீராத நோயின் இறுதிக் கட்டம் மட்டும். 2012 மார்ச்சிலிருந்து இப்போதைய வாசகம். ஒரு விரல் போனதற்கு இது பொருந்தாது. குடும்பமும் விண்ணப்பிக்கலாம் என்பதையும், மருத்துவ அறிக்கை இல்லாமல் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்பதையும் மட்டும் குறித்து வையுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_செல்வி எழுதியது:

நாளைக் காலை அட்டர்னியைப் பார்க்கிறோம். அத்தான் அஃபிடவிட்டில் கையெழுத்துப் போடும்போது சத்தியம் வாங்குவது யார்? அட்டர்னியே வாங்கலாமா?

---

கட்டுக்காகிதம் எழுதியது:

கூடாது. வழக்கில் தனக்கு அக்கறை உள்ளவர் சத்தியப் பிரமாண ஆணையராக இருக்க முடியாது. உங்கள் அட்டர்னி வாங்கினால் அந்த அஃபிடவிட்டையே தூக்கிப் போடச் சொல்வார்கள். சம்பந்தமில்லாத இன்னொரு அட்டர்னியை அதே வருகையில் கூட்டிப்போங்கள், இரண்டு பேர் பெயரையும் முன்னாலேயே சிறைக்குக் கொடுத்துவிடுங்கள். போகும்போது ஒரே தடவையில் நான்கு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்: அஃபிடவிட், தகவல் படிவம், ஆஸ்பத்திரி ஃபைலுக்கான சம்மதக் கடிதம், அட்டர்னிக்கான அதிகாரப் பத்திரம். ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இனிஷியல். நீலப் பேனா இரண்டு எடுத்துப்போங்கள், ஒன்று வாசலில் போய்விடும்.